காற்றை ஆளக் கற்பிப்போம்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், அறிவியல் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவற்றை எண்ணி மகிழும் ஆண்டு. நாம் நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்லப் போகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய ஆண்டும் அதுவே. அந்த எண்ணத்தோடுதான் அறிவியல் ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு சிறு வேண்டுகோளுடன் உங்கள் முன் நிற்கிறோம். வேண்டுகோள் என்னவென்பதை இறுதியில் கூறுகிறோம். அது ஏன் என்பதை முதலில் கேட்டருளுங்கள்.

பாய்மரப் படகைக் கொண்டு பிள்ளைகளுக்கு இயற்பியலைச் செய்முறையாகக் கற்பிப்பது எப்படி என்பதே எங்கள் பேச்சின் பொருள். இங்குள்ள பெரியவர்கள் பௌதிகம் என்று படித்தீர்களே, அதே பாடம்தான். "கடலூர்க்காரரும் புதுச்சேரிக்காரரும் பேச வேண்டியதைத் திருக்கோவிலூரில் பேசுவானேன்?" என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நியாயமான கேள்விதான். நமக்குக் கடல் இல்லை. பெண்ணையாறு உண்டு என்றாலும், ஆண்டின் பெரும்பகுதி அதில் தண்ணீரைவிட மணலே மிகுதி. ஆயினும் பாய்மரத்துக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று.

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய புலவர்களுள் மாறோக்கத்து நப்பசலையார் ஒருவர். கபிலர் பாடிய மன்னனை நான் எப்படிப் பாடுவேன் என்று தயங்கிய அவர் அதற்கு ஓர் உவமை தேடினார். மேற்குக் கடலில் சேரனுடைய பொன் கொணரும் நாவாய்கள் ஓடிய வழியில் வேறு கலங்கள் செல்ல முடியாதது போல, என்பது அவர் சொன்ன உவமை. புறநானூற்றின் 126-ஆம் பாட்டில் இதைக் காணலாம். நம் ஊர் மன்னனைப் பாட வந்தவருக்கு நாவாய்தான் நினைவுக்கு வந்தது! அதே நூலின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் புகழும்போது, காற்றின் செயலை ஆண்டு கடலில் நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றலே என்று அழைக்கிறார். குயத்தி என்றால் மட்பாண்டம் வனையும் குலத்துப் பெண். காற்றை வேலை வாங்கலாம் என்ற உண்மை அரசருக்கும் அறிஞருக்கும் மட்டுமன்றி, சக்கரத்தில் பானை வனைந்தவர் வீட்டிலும் தெரிந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அறிவு இன்று நம் பிள்ளைகளிடம் எந்த நிலையில் இருக்கிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். மேல்நிலை வகுப்பு இயற்பியலில் 20 மதிப்பெண். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, ஆனால் செய்முறை கிடைக்கிறதா? அளவைப் பார்த்து எழுத வேண்டிய இடத்தில், விடை என்ன வர வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற அளவை எழுதும் பழக்கம் நாடெங்கும் உள்ளது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஒரு மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறதே, ஏன்?" என்று கேட்டால் மௌனமே விடை. இது பிள்ளையின் குறையன்று. கையால் தொடாத ஒன்றை மனம் எப்படிப் பற்றும்?

நிற்க. பாய்மரப் படகை ஏன் தேர்ந்தோம் என்று கூறுகிறோம். மிதத்தல், சமநிலை, விசை, திசைவேகம், காற்றழுத்தம் ஆகியவை பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாகக் கிடக்கின்றன. ஒரு முழ நீளப் படகில் இவை அனைத்தும் ஒன்றாகக் கூடி வேலை செய்கின்றன. ஒன்றைத் தவறவிட்டாலும் படகு ஓடாது. விடையைப் பார்த்து எழுதி ஏமாற்றவும் அங்கே வழியில்லை.

சென்ற ஆண்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு மேசை விசிறியைத் தள்ளி வைத்து, இந்த வகுப்பைத் தொடங்கினோம். படகுகளைப் பிள்ளைகளே செய்தார்கள். உடலுக்கு லேசான மரத்துண்டு, பாய்மரத்துக்கு மூங்கில் குச்சி, பாய்க்குப் பழைய சேலைத்துணி, சுக்கானுக்குத் தகரத் துண்டு. அதில் நடந்த ஐந்து பாடங்களை இங்கே சுருக்கிச் சொல்கிறோம்.

முதற்பாடம் மிதத்தல். களிமண்ணை உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாக வனைந்தால் மிதக்கும். எடை மாறவில்லை, ஒதுக்கும் நீரின் அளவே மாறியது. அடுத்து, 30 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டையான பெட்டிப் படகு. அதன் அடிப்பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். படகில் 300 கிராம் எடையை ஏற்றினால் எவ்வளவு இறங்கும்? ஒரு சென்டிமீட்டர். முதலில் கணக்குப் போட்டு, பிறகு எடையை வைத்து, அளவுகோலால் அளந்து பார்க்கும்போது பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியை நீங்கள் காண வேண்டும். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் படகு சற்று மேலெழும். கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது என்பதனால்தான் கப்பலின் பக்கத்தில் நன்னீருக்கு ஒரு கோடும் கடல்நீருக்கு வேறு கோடுகளும் வரைகிறார்கள். அளவுக்கு மீறிய சரக்கால் மாலுமிகள் மாண்டுபோவதைக் கண்டு பொறாத சாமுவேல் பிளிம்சால் என்னும் ஆங்கிலேயர், பாராளுமன்றத்தில் போராடி 1876-இல் இதற்குச் சட்டம் கொண்டுவரச் செய்தார். ஒரு கோடு எத்தனையோ உயிர்களைக் காத்தது.

இரண்டாம் பாடம் சமநிலை. பாயில் காற்று அடித்தால் படகு சாய்கிறது. சாயாமல் காப்பது எது? பாக் நீரிணைப் பகுதி மீனவர்களின் வத்தை என்னும் படகில், குறுக்கே ஒரு நீண்ட பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று வலுத்தால் ஆட்கள் அந்தப் பலகையில் காற்று வரும் பக்கமாக ஏறி அமர்வார்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவர் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அமர்வதைவிட இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் இரு மடங்கு பயன். விசையைத் தொலைவால் பெருக்கும் திருப்புத்திறன் என்னும் பாடம் இதுவே. வத்தைக்காரர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பலகையில் உட்கார்ந்து படித்தார்.

மூன்றாம் பாடத்தில்தான் வகுப்பே விழித்துக்கொண்டது. காற்று பின்னாலிருந்து வீசினால் படகு முன்னே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். விசிறியைப் பக்கவாட்டில் வைத்தோம். படகு பக்கமாகவே நழுவித் தொட்டியின் சுவரில் முட்டியது. பிறகு படகின் அடியில் ஒரு தகரத் துண்டை மீனின் செதிள் போலச் செங்குத்தாகப் பொருத்தி, பாயைச் சற்றுத் திருப்பிக் கட்டினோம். படகு நேராக முன்னே ஓடியது! "சார், காத்து இந்தப் பக்கம் தள்ளுது, படகு ஏன் அந்தப் பக்கம் போவுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடம் நடத்தி நாங்கள் பல ஆண்டுகள் காத்திருந்த கேள்வி அது.

விடையைப் புளியங்கொட்டை சொல்லிவிடும். ஈரமான புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்திப் பிதுக்குங்கள். விரல்கள் இரு பக்கமும்தான் அழுத்துகின்றன; கொட்டையோ முன்னால் பாய்கிறது. அதுபோல, பாயை ஒரு பக்கம் காற்று அழுத்துகிறது. நீருக்குள் உள்ள பலகையை மறுபக்கம் நீர் எதிர்த்து நிற்கிறது. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அடக்கிவிட, எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது. விசையைக் கூறுகளாகப் பிரித்தல் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கும் பாடம் இதுவன்றி வேறில்லை. பாய் விரித்த கட்டுமரத்தில் மரங்களுக்கிடையே பலகையை நீரில் இறக்குவதும் இதற்காகவே.

வளைந்த பாயைக் கடக்கும் காற்று திசை திரும்பிப் பின்னோக்கிச் செல்கிறது. காற்றைப் பின்னே தள்ளும் பாயைக் காற்று முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. "வளைந்த பக்கத்துக் காற்றுக்கு வழி நீளம், மறுபக்கத்துக் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது விரைந்து ஓடுகிறது" என்று சில நூல்களில் விளக்கம் உண்டு. அது சரியன்று. இரு பக்கத்துக் காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிள்ளைகள் அந்த விளக்கத்தை வீட்டில் சொன்னால் அன்போடு திருத்துங்கள்.

நான்காம் பாடம் எதிர்க்காற்று. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் செல்ல முடியாது. ஆனால் சாய்வாகச் செல்லலாம். வலப்புறம் சிறிது தூரம், இடப்புறம் சிறிது தூரம் என்று மாறி மாறி ஓடினால், காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய்ச் சேரலாம். கல்வராயன் மலைக்குப் பேருந்தில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலையில் நேராக ஏற முடியாத வண்டி வளைந்து வளைந்து ஏறுகிறதல்லவா? வழி நீளும், ஆனால் உச்சியை அடையும். காற்றுத் திசைக்கு 45 பாகைச் சாய்வில் செல்லும் படகு, 10 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் முன்னேறச் சுமார் 14 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் முக்கோணவியல் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இது விடை.

ஐந்தாம் பாடம் காற்றை அளத்தல். இதற்குத் தண்ணீரும் வேண்டா. காற்றில்லாத நாளில் சைக்கிளில் சென்றாலும் முகத்தில் காற்று அடிக்கும். பக்கக் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, சைக்கிளும் அதே வேகத்தில் சென்றால், கைப்பிடியில் கட்டிய நாடா நேர்ப்பக்கமாகப் பறக்காது. 45 பாகை சாய்ந்து பறக்கும். நாம் உணரும் காற்றின் வேகமோ 21 கிலோமீட்டர். இரு திசைவேகங்களைக் கூட்டும் கணக்கு அந்த நாடாவின் நுனியில் தெரிகிறது. நான்கு சிறு கிண்ணங்களைக் குறுக்குச் சட்டத்தில் பொருத்திச் சுழலவிட்டால் காற்றின் வேகத்தை ஒப்பிடும் கருவி ஆயிற்று. வேகம் இரு மடங்கானால் பாயின் மீது விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்றின் இரைச்சலைக் கேட்டோம். புயற்காற்றின் வேகம் சற்று ஏறினாலும் சேதம் பெருமளவு ஏறுவதற்கு இந்த விதியே காரணம்.

இத்தகைய கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. கிராமத்தில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு, பிள்ளைகளே சோதனை செய்து, பிள்ளைகளே முடிவு காண்பது அதன் வழி. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டம் 2002-இல் அரசால் நிறுத்தப்பட்டது. எனினும், ஏழைப் பிள்ளைகளின் பள்ளியிலும் மெய்யான ஆய்வுக்கூடம் இயலும் என்பதை அது முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியது.

பாய்மரக் கலையோ நம்முடையது. கட்டுமரம் என்ற நம் சொல்தான் உலகமெங்கும் கேட்டமரான் என்று வழங்குகிறது. அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் இரட்டை உடல் கொண்ட ஒரு படகைக் கட்டி 1876-இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளையெல்லாம் பின்தள்ளினார். அவ்வகைப் படகுக்கு நிலைத்த பெயர் நம் மீனவர் தந்த பெயரே. அமைப்பு வேறு; பெயர் தமிழ். மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் வந்தபின், நம் கடற்கரையில் பாய் விரிக்கும் கட்டுமரங்கள் அருகிவிட்டன. மீனவரின் உழைப்பு குறைந்தது நல்லதே. ஆனால் அவர்கள் காற்றைப் பற்றி அறிந்திருந்தது எழுதப்படாமலே போய்விடக் கூடாது. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயரிட்ட மக்களின் பிள்ளைகள், காற்று எங்கிருந்து வீசுகிறது என்று கேட்டால் கைப்பேசியைத் தேடலாமா?

பெற்றோர்களே, குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே! இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரப் படகு ஏறத்தாழ 17 மீட்டர் நீளமே உள்ளது. 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி வந்தார்கள். பின்னர் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து இருவர் மட்டும் புறப்பட்டார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் ரூபா அழகிரிசாமி. நமக்கு அடுத்துள்ள புதுச்சேரியைச் சேர்ந்தவர். காற்றை நம்பியே சுமார் 25,400 கடல்மைல், அஃதாவது 47,000 கிலோமீட்டர் கடந்து, 2025 மே 29-ஆம் நாள் கோவா திரும்பினார்கள். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர், இந்தப் பெருக்கலையும் எங்கள் மாணவிகளே போட்டுப் பார்த்தார்கள். சென்னையின் நேத்ரா குமணன், பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பிரான்சிலும் போட்டியிட்டார். கடல் இல்லாத வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். கடலோரத்தில் பிறக்காதவர்க்கும் காற்று வசப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உடனே ஒன்றையும் உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பிள்ளையையும் இந்தப் பாடத்துக்காக ஆற்றிலோ ஏரியிலோ நாங்கள் இறக்க மாட்டோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டபோது பெண்ணையாறு எப்படி வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. நீர் வடிந்த ஆற்றிலும் மணல் எடுத்த பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியா. நீச்சல் கற்று, மிதவைச் சட்டை அணிந்து, பயிற்சி பெற்றவர் உடனிருந்தால்தான் மெய்யான படகு. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் அத்தகைய பயிற்சி உண்டு. சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலும் சிறுவர்க்குக் கற்பிக்கிறார்கள். விருப்பமும் வயதும் உள்ளவர்கள் பின்னாளில் அங்கே போகட்டும். நம் பள்ளியில் நடப்பது முழங்கால் அளவுகூட ஆழமில்லாத தொட்டிப் பாடம். விசிறியும் அதன் மின்கம்பியும் தண்ணீருக்கு எட்டாத தொலைவில், ஆசிரியர் பொறுப்பில் இருக்கும்.

இனி எங்கள் வேண்டுகோள். இப்போதுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் படகு இரண்டு சாண் ஓடுவதற்குள் சுவரில் முட்டிவிடுகிறது. வேகத்தை அளக்க முடிவதில்லை. எதிர்க்காற்றில் வளைந்து செல்லவும் இடமில்லை. ஆகவே, யூபிலியின் நினைவாகப் பள்ளி வளாகத்தில் 12 அடி நீளம், 4 அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தாருங்கள். முக்கால் அடி உயரத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 1,000 லிட்டர் தண்ணீர் போதும். வகுப்பு முடிந்தபின் அந்த நீர் மரங்களுக்குப் பாயும். ஒரு சொட்டும் வீணாகாது. கொசு முட்டையிடாமலும் சிறு குழந்தைகள் தவறி விழாமலும் இருக்க, மேலே பூட்டும் கம்பிவலை மூடி வேண்டும்.

பணத்தைவிட உங்கள் கைகளே எங்களுக்குப் பெரிதும் தேவை. நம் பங்கில் கொத்தனார்கள் இருக்கிறீர்கள். தொட்டி கசியாமல் பூசக் காட்டுங்கள். தச்சர்கள் இருக்கிறீர்கள், லேசான மரத்தை எப்படி இழைப்பது என்று ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுங்கள். தையல் இயந்திரம் வைத்திருக்கும் தாய்மார்கள், பாயின் ஓரம் பிரியாமல் மடித்துத் தைக்கக் கற்பியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டா. மரத்தின் எடையும் துணியின் இழுவையும் உங்கள் விரல்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு இயற்பியல் என்று பெயரிட்டுப் பிள்ளைகளிடம் சேர்ப்பது எங்கள் வேலை. தந்தையின் தொழிலைப் பள்ளியில் சொல்ல வெட்கப்படும் பிள்ளை, அதே தந்தை வகுப்பின் நடுவே நின்று கற்பிப்பதைக் காணட்டும். இந்தத் தொட்டியால் விளையும் நன்மைகளில் அதுவும் ஒன்று.

நினைவு வளைவுகளும் கல்வெட்டுகளும் நல்லவைதாம். ஆனால் அவற்றில் பெயரைப் படிக்கலாம். பாடம் படிக்க முடியாது. காற்று நம் சொல்லைக் கேட்டு வீசுவதில்லை. நம் பிள்ளைகளின் வாழ்விலும் எல்லாக் காற்றும் பின்னாலிருந்து வீசப் போவதில்லை. எதிர்க்காற்றிலும் கரை சேர வழி உண்டு, அதைக் கணக்கிட்டு அறியலாம், கையால் செய்து பார்க்கலாம் என்ற துணிவோடு அவர்கள் இப்பள்ளியிலிருந்து வெளியேற வேண்டும் என்பதே எங்கள் அவா.

 தொட்டி கட்டி முடிந்ததும் முதல் படகை ஓட விடும் நாளில் நீங்கள் அனைவரும் வந்திருந்து பிள்ளைகளை வாழ்த்த வேண்டும் என்று அன்புடன் அழைக்கிறோம்.